குலுக்கையும் மாதக் கணக்கும்

நுழையும்முன்

வீட்டின் வரவுசெலவுக் கணக்கு வெறும் கூட்டல் கழித்தல் அன்று. யார் முதலில் உண்பது, யார் பசியை ஒத்திவைப்பது, எந்தப் பிள்ளையின் படிப்பு தொடர்வது என்பனவெல்லாம் அக்கணக்கிலேதான் முடிவாகின்றன. மழையை நம்பி வாழ்ந்த மக்கள் தமக்கென ஒரு கணக்குமுறையை வைத்திருந்தனர். அம்மக்கள் பெருநகருக்குக் குடிபெயரும்போது அம்முறை என்னவாகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வானம் எழுதிய கணக்கு

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கரிசல் மண் பரந்த ஊர்கள். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய்கள் நிறைவதும் நிறையாததும் வடகிழக்குப் பருவமழையின் கையில். கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி, உளுந்து என்று மானாவாரியாக விதைப்போர்க்கு ஐப்பசியில் பெய்யும் இரண்டு நல்ல மழையே ஓராண்டு வருமானம்.

அருப்புக்கோட்டையில் வேறொரு வேடிக்கையும் உண்டு. உழவர் எந்த மழைக்காக வானத்தைப் பார்த்திருப்பாரோ அதே மழை வந்தால் கைத்தறி நெசவாளர் வீட்டில் வருமானம் நின்றுவிடும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்த வெயில் வேண்டும்; ஐப்பசி கார்த்திகையில் தறி பல நாள் ஓய்ந்திருக்கும். ஒரே ஊரில் ஒருவர்க்கு விளைச்சல் மாதம் மற்றொருவர்க்கு வறண்ட மாதம். சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவோர்க்கோ மழை ஓய்ந்த பின்னரே வேலை.

இவர்கள் எல்லார்க்கும் பொதுவானது ஒன்று: மாதந்தோறும் ஒரே அளவில் வருமானம் வருவதில்லை. வருவது வரும்போது மொத்தமாக வரும். வராதபோது அறவே வராது. ஆகவே ‘இந்த மாதம் எவ்வளவு?’ என்று அவர்கள் கேட்டதில்லை. ‘அடுத்த வெள்ளாமை வரை தாங்குமா?’ என்பதே கேள்வி.

குலுக்கை, விதை, சிறுவாடு

களத்திலிருந்து வந்த தவசத்தை முதலில் மூன்றாகப் பிரித்தனர். கடனுக்கும் கூலிக்கும் உரியதை அளந்து கொடுத்தது போக, விதைக்கென ஒரு பங்கு தனியே எடுத்து வைக்கப்பட்டது. எஞ்சியது மண்ணால் வனைந்த குலுக்கைக்குள் சென்றது. பசித்தாலும் விதைத் தவசத்தில் கை வைப்பதில்லை என்பது எழுதாத சட்டம். அதைத் தின்றால் இந்த ஆண்டின் பசி அடங்கும். அடுத்த ஆண்டின் பசி உறுதியாகிவிடும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் நினைவு நெடுங்காலம் நின்ற நாட்டில் இவ்வெச்சரிக்கை மிகையானதன்று.

குலுக்கை குடும்பத்தின் சேமிப்பு என்றால், சிறுவாடு பெண்ணின் சேமிப்பு. கோழி முட்டை விற்றதும், மோர் விற்றதும், களையெடுத்த கூலியில் மிச்சமானதுமாகிய சில்லறை, அஞ்சறைப் பெட்டியிலோ கடுகுக் கலயத்திலோ போய்ச் சேரும். அது கணவர்க்குத் தெரியாது என்பார்கள். பெரும்பாலும் தெரியும், கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அந்தக் கலயம் திறக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததே.

பிடியரிசி என்பது இவற்றினும் நுட்பமானது. உலையில் இடுவதற்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியை எடுத்து வேறு கலத்தில் இடுவர். உண்டு மிஞ்சியதைச் சேர்ப்பதன்று, உண்ணுமுன்னரே ஒதுக்குவது. அப்பகுதி வணிகர் விற்பனைப் பொருளின் மேல் சிறுதொகை ஒதுக்கி ‘மகிமை’ என்னும் பொதுநிதியைத் திரட்டினர். அருப்புக்கோட்டையும் பாலையம்பட்டியும் விருதுநகரும் சிவகாசியும் அம்முறை வேரூன்றிய ஊர்கள். பெருந்தலைவர் காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் பேணப்பட்ட பள்ளி. அடுக்களையில் ஒதுக்கிய ஒரு பிடி, கூடிக் கூடி ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

மாதம் என்னும் புதிய அளவுகோல்

மழை பொய்க்கவும் தறி ஓயவும் கரிசல் நாட்டுக் குடும்பங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றன, இன்றும் செல்கின்றன. சென்னைக்குச் சென்ற குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தொகைகள் நாம் எடுத்துக்கொண்டவை; கணக்கின் போக்கு மெய்.

அம்பத்தூர்ப் பக்கம் வாடகை வீடு. கணவனும் மனைவியும் இரு பிள்ளைகளும். கணவர் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி, மாதம் ரூ.20,000. மனைவி தையல் வேலையில் ரூ.8,000 ஈட்டுகிறார். வாடகை ரூ.9,000, பால், மளிகை, காய்கறிக்கு ரூ.8,500, எரிவாயு, மின்சாரம் ரூ.1,700, போக்குவரத்து ரூ.1,800; கல்விக்கு ரூ.1,500, கைப்பேசிக்கு ரூ.700, மருந்துக்கு ரூ.800, திருச்சுழிப் பக்கத்து ஊரில் தனித்திருக்கும் தாய்க்கு ரூ.2,000. கூட்டினால் ரூ.26,000. வரவு ரூ.28,000. மாதம் ரூ.2,000 மிச்சம். இக்குடும்பம் சிக்கனமானது, ஊதாரித்தனம் எங்கும் இல்லை.

ஆயினும் ஆண்டு முடிவில் இக்குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எப்படி?

சூன் மாதம் பள்ளி திறக்கும்போது கட்டணம், சீருடை, புத்தகப்பை என ரூ.12,000. தீபாவளித் துணிமணிக்கு ரூ.8,000. ஊர்ப் பொங்கலுக்குச் சென்றுவர ரூ.6,000. உறவினர் இல்ல விழாக்களில் மொய் ரூ.10,000. இவை ஒன்றும் எதிர்பாராத செலவல்ல; ஆண்டுதோறும் வருவனவே. ஆனால் மாதக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. மொத்தம் ரூ.36,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.3,000. கையில் மிஞ்சுவதோ ரூ.2,000. மாதக் கணக்கில் மிச்சம். ஆண்டுக் கணக்கில் ரூ.12,000 துண்டு. குலுக்கையைப் பார்த்து ஆண்டினை அளந்த பாட்டிக்கு இது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

பள்ளி திறக்கும் வாரத்தில் அத்துண்டு கடனாகிறது. ‘தண்டல்’ என்று வழங்கும் நாள்வசூல் கடனில், ரூ.10,000 என்று பேசி ரூ.1,500 பிடித்துக்கொண்டு ரூ.8,500 தருவதாகவும், நாளொன்றுக்கு ரூ.100 வீதம் நூறு நாள் வசூலிப்பதாகவும் கொள்வோம். வட்டி ரூ.1,500தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய பணம் நூறு நாளும் முழுமையாகக் கையில் இருப்பதில்லை, நாள்தோறும் குறைகிறது. அதையும் கருதிக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். மிகைவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனினும் பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாள் சட்டத்தைக் காத்திருப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

வருவாய் வரும் வழியை ‘ஆகாறு’ என்றும் செலவாகும் வழியைப் ‘போகாறு’ என்றும் திருவள்ளுவர் குறிப்பிடுகிறார். இச்சொற்கள் இடம்பெறும் குறள், பொருட்பாலில் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உள்ளது. வரவுசெலவை அறிதலும் தன் வலிமையை அறிதலின் ஒரு கூறாகவே அங்கு வைக்கப்பட்டுள்ளது.

கணக்கில் எழுதாத வரி

மேற்கண்ட கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். வாடகை வீட்டிற்கு அட்வான்ஸ் என்று வழங்கும் முன்பணம் எங்கிருந்து வந்தது?

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். ரூ.9,000 வாடகைக்கு அது ரூ.90,000. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பும் பணமாதலால் பலரும் இதைச் செலவாக எண்ணுவதில்லை. ஆனால் அதற்காகக் கடன் வாங்கியிருந்தால் வட்டி செலவுதானே? 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நிலக்கிழார், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவகையாக உடன்படாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. இந்த ‘உடன்படாதபோது’ என்னும் வாசல் அகலமானது. வீடு தேடி அலைந்து களைத்த குடும்பம் உடன்படாமல் என்ன செய்யும்?

சட்டம் கூறும் அளவு ரூ.27,000, கேட்கும் அளவு ரூ.90,000. இடைவெளி ரூ.63,000. இதை ‘மூன்று வட்டி’க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ரூ.3 வீதம் வாங்கினால் மாத வட்டி ரூ.1,890. மாத மிச்சம் ஏறத்தாழ முழுதும் கரைந்துவிட்டது. அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அதே தொகையை நகையை அடகு வைத்து நூற்றுக்கு மாதம் ரூ.1 வீதம் பெற முடிந்தால் வட்டி ரூ.630. வேறுபாடு மாதம் ரூ.1,260. முன்பு கண்ட மாதத் துண்டு ரூ.1,000தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அடுக்களையில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சேராத பணம், கடனை எங்கே வாங்குவது என்ற ஒரே முடிவில் சேர்ந்துவிடுகிறது.

எதைக் குறைப்பது?

துண்டு விழும்போது வாடகையைக் குறைக்க இயலாது. வட்டியையும் பேருந்துச் செலவையும் குறைக்க இயலாது. ஆகவே கை முதலில் செல்வது உணவின் மேல்தான். ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-இல் ஓர் உண்மையைக் கண்டுரைத்தார்: குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய, மொத்தச் செலவில் உணவின் பங்கு கூடும். இந்தியாவில் 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வும் இதற்கு இசைவாகவே உள்ளது. செலவில் உணவின் பங்கு ஊரகத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடு. நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஒருவர்க்கான சராசரி மாதச் செலவு ஊரகத்தில் ரூ.5,310 எனவும் நகர்ப்புறத்தில் ரூ.7,630 எனவும் அவ்வாய்வு காட்டியது.

சராசரியைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். இந்திய நகர்ப்புறச் செலவில் வாடகையின் பங்கு அவ்வாய்வின்படி ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. சொந்த வீட்டில் வாழ்வோரையும் சேர்த்துக் கண்ட சராசரி அது. நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகிறது. குடிபெயர்ந்தோரின் சுமை சராசரிக்குள் மறைந்துவிடுகிறது.

உணவைக் குறைப்பது என்றால் என்ன? அரிசி குறையாது. தமிழ்நாட்டில் குடும்ப அட்டையைக் கொண்டு மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் பெறலாம் என்பது குடிபெயர்ந்தோர்க்குக் கிடைத்த நல்ல ஏற்பாடு. குறைவன பால், முட்டை, பருப்பு, கீரை. அவையும் பிள்ளைகளின் தட்டிலிருந்து குறைவதில்லை. இறுதியாக உண்பவரின் தட்டிலிருந்து குறைகின்றன. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை இருப்பதாகக் கூறுகிறது. இதற்குக் காரணங்கள் பல. எனினும் ‘எப்படியோ சமாளித்துவிட்டாள்’ என்று ஒரு தாயைப் புகழும்போது, எதைக் கொண்டு சமாளித்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிடியரிசி, அளந்த அரிசி எல்லார்க்கும் போதுமாயிருந்த வீட்டில்தான் சேமிப்பு. போதாத வீட்டில் அது ஒருவருடைய பட்டினி.

ஊர் என்னும் இரண்டாம் வீடு

தாய்க்கு அனுப்பும் ரூ.2,000, ஊர்ப் பயணம், மொய் ஆகியவற்றை வெட்டிவிட்டால் துண்டு இராது என்று நகரத்து அறிவுரை கூறும். மொய்யை வீண்செலவு என்பது அதன் இயல்பை அறியாதார் பேச்சு. காதணி விழாவிலும் திருமணத்திலும் வந்த மொய் நோட்டில் பெயரோடு எழுதப்படுகிறது. அவர் வீட்டு விழாவில் அது திரும்பச் செலுத்தப்படுகிறது. ஒரு பெருஞ்செலவு வந்த நாளில் உறவினர் பலர் கூடித் தந்த வட்டியில்லாக் கடன் அது. அதைத் திருப்பாத குடும்பத்திற்கு, நகரத்தில் வேலை போனால் திரும்பிச் செல்ல ஊர் இராது.

குறைக்கக் கூடியது மொய் அன்று; அதன் திடீர்த்தன்மையே. யார் வீட்டில் பெண் பெரியவளாகியிருக்கிறாள், யார் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பது ஊரில் எல்லார்க்கும் தெரியும். மொய் நோட்டைப் புரட்டினால் வரும் ஆண்டில் செலுத்த வேண்டிய தொகையைப் பெரும்பாலும் முன்னரே எழுதிவிடலாம். ஊர்ப் பயணமும் அப்படியே. அருப்புக்கோட்டை வழியே செல்லும் சிலம்பு விரைவுத் தொடர்வண்டியில் முன்பதிவு செய்தவர் தரும் கட்டணம் வேறு. பண்டிகைக்கு முந்திய நாள் தனியார் பேருந்து வாசலில் நிற்பவர் தரும் கட்டணம் வேறு.

இனி அம்பத்தூர் வீட்டின் கணக்கு நோட்டை மீண்டும் திறப்போம். மாதப் பக்கங்களுக்கு முன்னே ஆண்டுப் பக்கம் ஒன்று சேர்கிறது. சூன், ஐப்பசி, பங்குனி என்று செலவு வரும் மாதங்கள் அதில் குறிக்கப்படுகின்றன. சூன் மாதத்துக்குரிய ரூ.12,000 மட்டும் மாதம் ரூ.1,000 வீதம், சம்பளம் வந்த அன்றே, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இடப்படுகிறது. அது அவ்வீட்டின் விதைத் தவசம். எஞ்சிய மூன்று செலவுகளுக்கு, முன்பணக் கடனின் வட்டி நீங்கலாகவே, மாதம் இன்னும் ரூ.1,000 குறைகிறது என்பதையும் அப்பக்கம் மறைக்காமல் காட்டுகிறது. முன்பணக் கடனை அடகுக் கடனாக மாற்றுவதா, தையல் கூலியை உயர்த்திக் கேட்பதா, சற்றுத் தொலைவில் குறைந்த வாடகைக்கு வீடு பார்ப்பதா என்று கணவனும் மனைவியும் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகளும் கூடிப் பேசுகின்றனர். பால் பாக்கெட்டைக் குறைக்கலாம் என்று தாய் தொடங்கியபோது, அதை எழுதவேண்டாம் என்று மகள் எழுதுகோலைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறாள்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் செலவுகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து, மாதவாரியாக ஓர் ஆண்டுப் பக்கம் எழுதுக.

ரூ.20,000 கடனை நூற்றுக்கு மாதம் ரூ.2 வீதம் வாங்கினால் மூன்று ஆண்டுகளில் செலுத்தும் வட்டியைக் கணக்கிட்டு, அக்கடன் தேவைப்படாதிருக்க மாதம் எவ்வளவு ஒதுக்கியிருக்க வேண்டும் என வகுப்பில் கலந்துரையாடுக.

சிறுவாடு, பிடியரிசி, மகிமை, தவசம், குலுக்கை போன்று உங்கள் பகுதியில் வழங்கும் சேமிப்புச் சொற்களைத் தொகுக்க.