தூங்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

காலையில் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, 'ராத்திரி நல்ல தூக்கம்... ஒண்ணுமே தெரியலை' என்று வீட்டில் சொல்கிறீர்கள் அல்லவா?

கொஞ்சம் நில்லுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கண் மூடியிருந்தது, காது கேட்கவில்லை, மனமும் ஓய்ந்துவிட்டது. பிறகு, 'நல்ல தூக்கம்' என்று சாட்சி சொல்வது யார்?

வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால், கண்ணீரோடு இதைக் கேட்ட ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். மயிலை கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தார். 'அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. மறதி நோய். நான் சாதம் ஊட்டும்போது என்னையே பார்த்து, நீ யாரும்மான்னு கேட்கிறாங்க. உள்ளே எங்கம்மா இருக்காங்களா, இல்லை போயிட்டாங்களா... நீங்களே சொல்லுங்க சார்!' என்றார்.

அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து சிவஞானபோதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த வாரப் பாடம் அந்தச் சகோதரிக்காக.

சிவஞானபோதம் மிகச் சிறிய நூல். 12 சூத்திரங்கள், மொத்தம் 40 வரிகள்தான். 13-ஆம் நூற்றாண்டில் அதை அருளியவர் மெய்கண்டார். திருவெண்காட்டு ஈசனிடம் பெற்றோர் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் சுவேதவனப் பெருமாள் என்பது இயற்பெயர். பரஞ்சோதி முனிவரால் ஞானம் பெற்று, திருவெண்ணெய்நல்லூர் பொல்லாப் பிள்ளையார் சந்நிதியில் உட்கார்ந்து சிந்தித்தார் என்பது வரலாறு.

உயிர் என்று ஒன்று உண்டா என்பதை மூன்றாவது சூத்திரத்தில் அலசுகிறார் மெய்கண்டார். அவர் காட்டும் வழி நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. என் புடவை, என் வளையல் என்கிறோம். புடவையும் வளையலும் நாம் அல்ல. அதே வாயால்தான் என் கை, என் உடம்பு என்றும் சொல்கிறோம். அப்படியானால் உடம்பை 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்பவர் வேறு ஒருவர் அல்லவா?

சரி, மூச்சுதான் உயிர் என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் இல்லை. தூக்கத்திலும் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், சாப்பாட்டு ருசி தெரிவதில்லை. எந்த வேலையும் நடப்பதில்லை. மூச்சே அறிவாக இருந்தால், மூச்சு ஓடும்போதெல்லாம் அறிவும் விழித்திருக்க வேண்டுமே! எவரோ ஒருவர் 'உயிர் என்று ஒன்றுமே இல்லை' என்று வாதம் செய்தால்? இல்லை என்று அறிந்து சொல்லும் அந்த அறிவுதான் உயிர் என்று அவரையும் மடக்கிவிடுகிறார் மெய்கண்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நான்காவது சூத்திரம்தான் நம் சகோதரிக்கு வேண்டியது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கையும் அந்தக்கரணங்கள் என்பார்கள். மனம் பற்றுகிறது, சித்தம் சிந்திக்கிறது, அகங்காரம் 'நான்' என்று எழுகிறது, புத்தி இன்னது என்று முடிவு செய்கிறது. இந்த நான்கில் எதுவும் உயிர் அல்ல. உயிர் அரசனைப் போன்றது, இவை மந்திரிகள். மந்திரிகள் வந்து சொன்னால்தான் அரசனுக்கு ஊர் நடப்பு தெரியும்.

இரவு அரசன் அந்தப்புரத்துக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள், புராணப் படங்களில். வெளி வாசலில் ஒரு கூட்டம் நின்றுவிடும். அடுத்த வாசலில் இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசி அறைக்கு அரசன் தனியாகத்தான் போவான். நம் உயிரும் இப்படி ஐந்து வாசல்களைக் கடக்கிறது. இவற்றுக்கு அவத்தைகள் என்று பெயர்.

நனவில் உயிர் புருவ நடுவில் நின்று 35 கருவிகளோடு வேலை செய்கிறது. கனவில் கழுத்துக்கு இறங்கும்போது, கண், காது, கை, கால் முதலிய பத்தும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன, மிச்சம் 25. உறக்கத்தில், நெஞ்சில் மூன்றே மூன்று: சித்தம், பிராணன், உயிர். அதற்கும் கீழே, உந்தியில் பேருறக்கம். சித்தமும் இல்லை, பிராணனும் உயிரும் மட்டும். கடைசியில் மூலாதாரத்தில், உயிர்ப்படங்கல் என்ற நிலையில் உயிர் ஒன்றே தனியாக இருக்கிறது.

(மாண்டூக்ய உபநிஷதம் படித்தவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே துரியம் என்பது உயர்ந்த ஞான நிலை. இங்கே சொன்னது, கருவிகளை இழந்து உயிர் கீழே இறங்கும் வரிசை. பெயர் ஒன்று, பொருள் வேறு.)

கவனித்தீர்களா... எண்ணிக்கை 35-லிருந்து 1 வரை குறைகிறது. பூஜ்யத்துக்கு வருவதே இல்லை!

தனியாக இருக்கும் அந்த உயிருக்கு அப்போது எல்லாம் தெரியுமா என்றால், தெரியாது. இதைச் சித்தாந்தம் மழுப்புவதில்லை. ஆணவம் என்னும் இருள் அதை மூடியிருக்கிறது. நல்ல கண் இருந்தாலும் இருட்டு அறையில் பார்க்க முடியாதது போல. விளக்கு வந்தால்தான் கண் பார்க்கும்; கருவிகளும் சிவனருளும் கூடினால்தான் உயிர் அறியும். சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பு என்பார்கள். வெள்ளைக்கல் மூக்குத்தியைப் பச்சைப் பட்டின் மேல் வைத்துப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். சிவப்பின் மேல் வைத்தால் சிவப்பு. கல் எந்நேரமும் கல்தான்.

அந்த அறிவு எப்போது தோன்றியது என்று கேட்டால், தோன்றவே இல்லை என்பதுதான் பதில். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உடம்பு பிறக்கிறது, கருவிகள் வந்து சேர்கின்றன, விலகுகின்றன. உயிர் உண்டாக்கப்பட்டதல்ல.

'இதெல்லாம் டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்களா?' என்று உங்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை கேட்கலாம். கேட்கட்டும். 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து, ஒரு நோயாளிக்கு எல்லோர் முன்னிலையிலும் வலி தெரியாமல் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து, நினைவை மருந்தால் நிறுத்தவும் திரும்பக் கொண்டுவரவும் மருத்துவர்களால் முடிகிறது. ஆனால் மூளையின் மின்சாரம் எப்படி 'நான்' என்ற உணர்வாகிறது? 1998-ல் கிறிஸ்டோஃப் கோக் என்ற மூளை விஞ்ஞானி, 25 ஆண்டுகளில் மூளையில் அதன் அடையாளத்தைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடுவோம் என்று டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞரிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில், தோற்றேன் என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

உடனே, சாஸ்திரம் ஜெயித்துவிட்டது என்று கைதட்டிவிடாதீர்கள். ஆராய்ச்சி நடந்துகொண்டேதான் இருக்கிறது. மூளை பழுதுபட்டால் அறிவு மங்கும் என்பதில் மெய்கண்டாருக்கும் மறுப்பு இருக்காது. மந்திரி படுத்துவிட்டால் அரசனுக்குச் செய்தி வராது என்றுதானே அவரும் சொன்னார்! டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுங்கள். மந்திரிக்கு வைத்தியம் பார்ப்பதும் அரசனுக்குச் செய்யும் சேவைதான்.

ஆக, சகோதரி... உங்கள் அம்மாவிடம் நோய் கொண்டுபோனது மந்திரிகளை. ராணி அரண்மனையில்தான் இருக்கிறார். 'நான் யாரு, சொல்லும்மா பார்க்கலாம்' என்று தினமும் பரீட்சை வைக்காதீர்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் கேள்வி கேட்டால் அவருக்குப் பதற்றம்தான் மிஞ்சும். 'நான்தாம்மா உன் பொண்ணு' என்று நீங்களே சொல்லிவிட்டு ஊட்டுங்கள். அவருக்குப் பழக்கமான பதிகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுங்கள்.

முடிந்தால் ஒருமுறை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவெண்ணெய்நல்லூருக்குப் போய் வாருங்கள். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கிருபாபுரீஸ்வரர், மங்களாம்பிகை, பொல்லாப் பிள்ளையார் மூவரையும் தரிசிக்கலாம். ஐப்பசி சுவாதி மெய்கண்டாரின் குருபூஜை நாள். அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்பீர்கள். வீட்டிலேயே ஒரு விளக்கேற்றினாலும் போதும்.

அன்று எழுந்து போகும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? 'எல்லாம் மறந்துட்டாங்க சார். ஆனா, நான் விபூதிக் கிண்ணத்தை எடுத்தா மட்டும், தானா நெத்தியைக் காட்டுவாங்க.'