பெண்களின் இருதயமும் படப் பரிசோதனைகளும்

திருவிழாக் காலத்தில் விடியற்காலையிலிருந்து மடைப்பள்ளியில் நிற்கும் நம் பெண்கள், நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்தால் "வாய்வுக் குத்து" என்று சொல்லிச் சுடுநீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். தெற்காசியரிடம் இருதய நோய் இளவயதிலேயே வருவதுண்டு. நீரிழிவும் இருந்தால் ஆபத்து மேலும் கூடும். ஆகவே வைத்தியர் எழுதித்தரும் பரிசோதனைகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதலில் செய்யப்படுவது பெரும்பாலும் நடைப் பொறியில் நடக்கவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி. இது எளிது. ஆயினும் நோய் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டுவது ஆண்களிலும் பார்க்கப் பெண்களிடம் அதிகம். முழங்கால் நோவால் நடக்க இயலாதோருக்கு இது உதவாது.

படப் பரிசோதனைகள் இரு வகை.

இருதயத் தசைக்குப் போதிய இரத்தம் செல்கிறதா என்று பார்ப்பது முதல் வகை. ஒலி அலையால் எடுக்கும் எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை. அணு மருத்துவ ஸ்கானில் சிறிதளவு கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். அதில் மார்பகத்தின் நிழல் விழுந்து, இல்லாத குறை இருப்பதுபோல் தோன்றலாம். பெற் ஸ்கானில் இத்தொல்லை குறைவு.

இரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்ப்பது இரண்டாம் வகை. சி.ரி. ஸ்கான் அடைப்பு இல்லை என்பதை உறுதிசெய்வதில் சிறந்தது. ஆனால் கதிர்வீச்சு உண்டு, சாயமருந்தும் ஏற்றப்படும். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயுள்ளோரும் முன்கூட்டியே சொல்லவேண்டும். குழாய் செலுத்திச் செய்யும் அஞ்சியோகிராம் 1958இல் அமெரிக்காவில் டொக்டர் மேசன் சோன்ஸ் தொடக்கிவைத்த முறை. தேவையானால் அப்போதே அடைப்பையும் நீக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996இல் அமெரிக்காவில் பெண்களிடம் தொடங்கிய 'வைஸ்' ஆய்வு, பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாத பலருக்கும் நுண்குழாய்களில் கோளாறு இருப்பதை எடுத்துக்காட்டியது. எனவே "அடைப்பு இல்லை" என்றால் "நோய் இல்லை" என்று பொருளல்ல. நோவு தொடர்ந்தால், "நுண்குழாய்களையும் பார்த்தீர்களா?" என்று வைத்தியரிடம் கேட்கத் தயங்கவேண்டாம்.

வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளைகள் உடன் வரும்போது, அவர்கள் பயப்படுவார்களே என்று நோவைக் குறைத்துச் சொல்லாதிருப்போம். சந்தேகம் எழுந்தால் 811ஐ அழைத்துத் தாதியிடம் ஆலோசனை பெறலாம். நெஞ்சு இறுக்கம் நீடித்தாலும், மூச்சுத்திணறல், வியர்வை, தாடை நோவு, வாந்தி என்பன சேர்ந்து வந்தாலும் பரிசோதனைத் திகதிக்குக் காத்திராமல் உடனே 911ஐ அழைப்போம்.

உடம்பும் இறைவன் குடியிருக்கும் ஆலயமே. அதனைப் பேணுவதும் வழிபாடே.