தற்செயலும் திருவருளும்

ஒரே ஊரினின்று ஒரே நாளில் இருவர் திருவிழாவுக்குப் புறப்படுகின்றனர். ஒருவர் ஏறிய பேருந்து உரிய நேரத்தில் வந்து சேர, அவர் கருட சேவையைக் கண் குளிரச் சேவிக்கிறார். மற்றவர் ஏறிய வண்டி வழியிலே பழுதுபட்டு நிற்க, அவர் வந்து சேர்வதற்குள் எம்பெருமான் ஆஸ்தானத்துக்கு எழுந்தருளிவிடுகிறான். இருவருடைய ஆர்வத்திலும் குறைவில்லை, முயற்சியிலும் வேற்றுமையில்லை. ஆயினும் முன்னவரை ‘அதிர்ஷ்டசாலி’ என்றும், பின்னவரைக் ‘கொடுத்து வைக்காதவர்’ என்றும் உலகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. இச்சொற்களின் பொருளைச் சிறிது ஆராய்வோம்.

‘அத்ருஷ்டம்’ என்னும் வடசொல்லுக்குக் ‘காணப்படாதது’ என்பதே நேர்ப்பொருள். நன்மை என்றோ தீமை என்றோ அச்சொல் தன்னளவில் கூறவில்லை. காரணம் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை என்று மட்டுமே அது தெரிவிக்கிறது. காரணம் தெரியாமை வேறு, காரணம் இல்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதினின்றே மயக்கம் தொடங்குகிறது.

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. ச்வேதாச்வதர உபநிஷத்தின் தொடக்கத்திலேயே பிரம்மவாதிகள் ஒன்று கூடி, உலகுக்குக் காரணம் யாது என்று விசாரிக்கின்றனர். காலமா, ஸ்வபாவமா, நியதியா, யத்ருச்சையா, பூதங்களா, ஜீவனா என்று ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்கின்றனர். யத்ருச்சை என்பதே நாம் தற்செயல் என்று வழங்குவது. அதனைக் கேள்வியாகக் கொள்ளவே அவர்கள் அஞ்சவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆராய்ந்த பின்னர், இவை அனைத்தையும் ஆளுகின்ற ஒரு பரம்பொருளின் சக்தியைத் தியானத்தில் கண்டனர் என்று அவ்வுபநிஷத்து மேலே கூறுகிறது.

தற்செயலை விளக்க நம் முன்னோர் இரண்டு நியாயங்களை வழங்கினர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாற் போன்றது காகதாலீய நியாயம். மரத்தை அரித்துச் செல்லும் புழுவின் வழியில் எழுத்து வடிவம் ஒன்று தோன்றினாற் போன்றது குணாக்ஷர நியாயம். காக்கைக்குப் பழத்தை வீழ்த்தும் எண்ணமில்லை, புழுவுக்கு எழுத்தறிவில்லை. இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்பின்றி நிகழ்வன உலகில் உண்டு என்று சாஸ்திரம் அறிந்தவர்களே ஒப்புக்கொண்டனர். ஆகவே நிகழ்ந்த ஒவ்வொன்றிலும் சகுனம் தேடி அலைவது சாஸ்திர ஞானமாகாது.

இனி, மனிதன் செய்யும் செயலில் அவனுக்குரிய பங்கு எவ்வளவு? கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் எச்செயலுக்கும் ஐந்து காரணங்களைக் காட்டுகிறான். பகவத் ராமானுஜர் தம் கீதாபாஷ்யத்தில் அவற்றை விளக்குங்கால், இருப்பிடமாகிய உடல், கர்த்தாவாகிய ஜீவன், மனத்தோடு கூடிய கருவிகளாகிய இந்திரியங்கள், பிராணனின் பலவகை இயக்கம், ஐந்தாவதாக அந்தர்யாமியான பரமாத்மா என்று அருளிச்செய்கிறார். இங்கே ‘தைவம்’ என்ற சொல்லுக்குக் குருட்டு விதி என்று பொருள் கொள்ளாமல் உள்நின்று நடத்தும் பகவான் என்று பொருள் கொண்டமை சிந்திக்கத்தக்கது. ஜீவன் ஐவருள் ஒருவன். ‘யானே செய்தேன்’ என்பவன் நால்வரை மறந்தவன்; ‘என்னால் ஆவது ஒன்றுமில்லை’ என்பவனோ தன்னையே மறந்தவன். ஜீவனுடைய முயற்சியை எதிர்நோக்கியே ஈச்வரன் நடத்துகிறான் என்று பிரம்ம ஸூத்திரமும் அறுதியிடுகிறது.

அங்ஙனமாயின் ‘எல்லாம் விதி’ என்று பெரியோர் சொல்வது எப்பொழுது? இதற்கு ஸ்ரீமத் ராமாயணம் வழிகாட்டுகிறது. பட்டாபிஷேகம் தடைப்பட்ட பொழுது இளையபெருமாள் வெகுண்டெழுகிறார். தைவம் என்பது ஆற்றலற்றவர்களின் சொல் என்றும், அதனைத் தம் ஆண்மையால் திருப்பி ஓட்டுவதாகவும் முழங்குகிறார். பெருமாளோ, தம்மிடம் என்றும் அன்பு குறையாத கைகேயி இவ்வாறு பேசியது தைவத்தின் செயலேயன்றி வேறில்லை என்று அமைதிப்படுத்துகிறார். ஆனால் பிராட்டியைப் பிரிந்த பின்னர், ‘தைவம் இவ்வாறு செய்தது’ என்று பெருமாள் ஓய்ந்து அமர்ந்துவிடவில்லை. கிஷ்கிந்தா காண்டத்தில் இளையபெருமாள் உற்சாகத்தின் வலிமையை எடுத்துரைக்கிறார். அதன்பின் தேடுதலும் நட்பும் அணைகட்டுதலும் தொடர்கின்றன. பிறர்மேல் எழும் சினத்தைத் தணிப்பதற்குத் தைவம் என்ற சொல் பயன்பட்டது. தம் கடமையை விடுவதற்கு அது பயன்படவில்லை. இதுவே அச்சொல்லை ஆள வேண்டிய முறை.

நாமோ பெரும்பாலும் இதனை மாற்றி ஆளுகிறோம். நம் சோம்பலுக்கு விதியைத் துணைக்கு அழைக்கிறோம். அயலான் துன்புறுங்கால் ‘அவன் கர்ம பலன்’ என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். மழை பொய்த்து நிலம் காய்ந்தவனிடமும், மகவை நோய்க்குப் பறிகொடுத்தவளிடமும் இவ்வாறு சொல்வது சாஸ்திரமாகுமா? ஈச்வரனுக்குப் பக்ஷபாதமும் கருணையின்மையும் இல்லை என்று நிலைநாட்டுவதற்காகவே வேதாந்தம் கர்மத்தைக் காரணமாக உரைத்தது. பகவானுடைய குணத்துக்குக் காப்பாக அமைந்த கோட்பாட்டை, துன்புற்றவர்மேல் எறியும் கல்லாக்குதல் தகாது. பிறருடைய கர்மத்தை எடை போடும் தராசு நம் கையில் கொடுக்கப்படவில்லை. நம் கையில் உள்ளது அவருக்குக் கொடுக்கும் ஒரு குவளை நீர் மட்டுமே.

தற்செயலும் முயற்சியும் திருவருளும் ஒருங்கே கூடிய நிகழ்ச்சி ஒன்று நம் குருபரம்பரை வரலாற்றின் வாசலிலேயே உள்ளது. வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் கைங்கரியம் செய்துவந்த காலத்தில், வெளியூர்ச் சேவார்த்திகள் சிலர் அங்கு வந்து, திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களை விண்ணப்பம் செய்தனர். ஆயிரத்துள் இவை பத்து என்ற குறிப்பு அவற்றின் முடிவில் வருவதைக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவற்றை வினவினார். தாங்கள் அறிந்தவை இவ்வளவே என்றனர் வந்தவர்கள். நாதமுனிகள் அத்துடன் விடவில்லை. திருக்குருகூர் வரை சென்று, மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸரை அடைந்து, ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்னும் பிரபந்தத்தைப் பெற்று, அதனைப் பன்னீராயிரம் உரு ஜபித்தார். அதன்பின் நம்மாழ்வார் திருவருளால் நாலாயிரமும் கிடைத்தது என்பது வரலாறு.

சேவார்த்திகள் அன்று வந்தது நாதமுனிகளின் முயற்சியால் அன்று. அது அவருக்குத் தானே வந்த வாய்ப்பு. ஆனால் ‘எஞ்சியவை எங்கே?’ என்ற வினா அவருடையது. நடந்த நடை அவருடையது. பன்னீராயிரம் உருவும் அவருடையது. அப்பதிகம் அதற்கு முன்னரும் எத்தனையோ செவிகளில் விழுந்திருக்கும். கேட்டு மகிழ்ந்தவர் பலராயினும், கேட்டு வினவியவர் ஒருவரே. வாய்ப்பு வாசல் வரைதான் வரும். எழுந்து கதவைத் திறப்பவன் மனிதனே. திறந்த பின்னர் உள்ளே வந்து நிறைவது அருள்.

மற்றொன்றும் இங்கு உணரத்தக்கது. அச்சேவார்த்திகளின் பெயர்களை நாம் அறியோம். தாங்கள் பாடியதால் விளையவிருந்த பயனை அவர்களும் அறிந்திலர். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இத்தகைய அறியாச் செயல்களின் பெருமையை விளக்குகிறார். எண்ணாமல் நேர்வது யாத்ருச்சிகம், வேறொன்றின் பேச்சினிடையே வாய்ப்பது ப்ராஸங்கிகம், வேறொரு செயலோடு ஒட்டி விளைவது ஆநுஷங்கிகம் என ஸுக்ருதம் வகைப்படும். தன் பயிருக்கு இறைத்த நீரில் வழிப்போக்கரான அடியார் தாகம் தீர்த்தல், சூதாடக் கட்டிய திண்ணையில் அவர் ஒதுங்கி இளைப்பாறுதல் போன்றவற்றைப் பெரியோர் உதாரணமாகக் காட்டுவர். இறைத்தவனும் கட்டியவனும் அறிந்திலர். எம்பெருமான் அதனையே ஒரு நற்செயலாகக் கணக்கில் ஏற்றுக்கொள்கிறான். மனிதன் ‘தற்செயல்’ என்று கழித்துவிடுவதையும் அவன் கழிப்பதில்லை.

ஆதலால், கிடைத்தது கொண்டு மகிழ்க என்று கீதை கூறுவது பலனைக் குறித்தேயன்றிச் செயலைக் குறித்தன்று என்பதை உணர்ந்து, செய்ய வேண்டுவதை முழுமையாகச் செய்தல் வேண்டும். நன்மை வந்தால் செருக்கின்றி ஏற்பதும், தவறினால் தன்னையோ பிறரையோ பழியாமல் மீண்டும் முயல்வதும் அறிவுடைமை. திருவிழாக் கூட்டத்தில் அறியாத முதியவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் இடமும், குழந்தை ஒன்றை உயரத் தூக்கிக் காட்டும் சேவையும், ஓய்வாக முணுமுணுக்கும் ஒரு பாசுரமும் யார் செவியில், யார் உள்ளத்தில், எத்தகைய விதையாக விழும் என்று நாம் அறியோம். அறியாமலேயே நன்மை செய்யத்தக்க இடம் திருக்கோயில். இவ்விடத்துக்கு வந்து சேர்ந்ததே நமக்கு வாய்த்த யத்ருச்சை. அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடன்.