செல்லப் பிராணியின் முகம் துணியில்: கலர் பென்சிலும் கைத்தையலும்

துணியில் படம் செய்ய ஆசைப்படுபவருக்குத் திருப்பூரைவிட வசதியான ஊர் கிடைக்காது. காதர்பேட்டையிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் விதவிதமான கட்பீஸ் கிடைக்கிறது. பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் போனால் விசைத்தறிக் காடா துணி. வீட்டில் ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார் என்றால் சாம்பிள் துண்டுகள் ஏதாவது ஒரு பையில் கட்டாயம் கிடக்கும். அந்தத் துணியில் நம் வீட்டு நாயையோ பூனையையோ கன்றுக்குட்டியையோ கலர் பென்சிலால் வரைந்து, அதன்மேல் கையால் எம்பிராய்டரி போடலாம். நிறத்தைப் பென்சில் பார்த்துக்கொள்ளும். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதை நூல் காட்டும். இந்தப் பங்கீடு பிடிபட்டுவிட்டால், தனக்கு வரையத் தெரியாது என்று ஒதுங்குபவரும் நன்றாகவே செய்துவிடுவார்.

துணிதான் பாதி வேலை

முதல் படத்துக்கு நெய்த துணியை எடுங்கள். காடா துணி இதற்கு நன்றாகப் பொருந்தும். அதன் இளமஞ்சள் நிறமும் ஆங்காங்கே தெரியும் பருத்திக்கொட்டைத் துகளும் பழுப்பு நாய்க்கு அழகான பின்னணி. ஆனால் தறியில் ஏறுவதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அது இருக்கும்வரை பென்சிலும் சரியாகப் பிடிக்காது, பசையும் உள்ளே இறங்காது. சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, காய்ந்ததும் அயர்ன் செய்யுங்கள். வெள்ளை ராஜபாளையம் நாய் வரைவதானால் காடா வேண்டாம். வெளுத்த பாப்ளின் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

பனியன் துணியில்தான் செய்வேன் என்றால் இன்டர்லாக் தேடுங்கள். சிங்கிள் ஜெர்சியை வெட்டிய உடனே ஓரம் சுருண்டுகொள்ளும், அகலவாக்கில் நன்றாக இழுபடும். வரைந்த முகம் கோணிக்கொள்ளும். இன்டர்லாக் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது. 180 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை தெரியாத துண்டு என்றால், தெரிந்த கம்பெனியில் ஜிஎஸ்எம் கட்டரில் ஒரு வட்டம் வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், 1.8 கிராம் நின்றால் துணி 180 ஜிஎஸ்எம்.

பயோவாஷ் செய்த துணியில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு இழைகள் போயிருப்பதால் பென்சில் கோடு சுத்தமாக விழும். இடைஞ்சல் தருவது சாஃப்ட்னர்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் துணியில் ஃபினிஷிங் ஏறியிருக்கிறது. வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சில துணிகளில் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அதோடு மல்லுக்கட்டாமல் வேறு துண்டு எடுப்பதே நல்லது.

துவைத்துச் சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகு, சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் மெல்லிய ரகமாக வாங்கி, பனியன் துணியின் பின்பக்கம் அயர்ன் பண்ணி ஒட்டுங்கள். இதற்குப் பிறகு துணி இழுபடாது. நெய்த துணிக்கு இது தேவையில்லை.

படம் எடுப்பதும் இறக்குவதும்

நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து போட்டோ எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகி உடம்பு சிறுத்துவிடும். ஃபிளாஷ் போட்டால் கண் பச்சையாக மின்னும். காலையிலோ மாலையிலோ வாசலில் உட்கார வைத்தால், முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் லேசான நிழலும் விழும். கண்ணில் வெளிச்சத்தின் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அது இல்லாத போட்டோவை விட்டுவிடுங்கள். விலை கொடுத்து வாங்கிய நாயைத்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. ஷிப்ட் முடிந்து வருபவர்கள் போடும் பிஸ்கட்டில் கம்பெனி கேட்டிலேயே வளர்ந்த நாட்டுநாயின் முகத்தில் வரைய வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் கலரில் ஒன்று, கருப்பு வெள்ளையில் ஒன்று எனப் பிரிண்ட் எடுங்கள். முகம் 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் கண்ணுக்குள் ஊசி நுழைக்க இடம் போதாது. கருப்பு வெள்ளைப் பிரிண்டின்மேல் முடி படிந்திருக்கும் திசையை அம்புக்குறியாகப் போட்டு வையுங்கள். மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கன்னத்தில் பின்நோக்கி, கழுத்தில் கீழ்நோக்கி என்று திசை மாறிக்கொண்டே போகும். தைக்கும்போது இந்தத் தாள்தான் கையில் இருக்க வேண்டும்.

பகலில் ஜன்னல் கண்ணாடியில் பிரிண்டை ஒட்டி, அதன்மேல் துணியை ஒட்டி, இளம்பழுப்புக் கலர் பென்சிலால் வெளிக்கோடு, கண், மூக்கு, வாய், காது மட்டும் எடுங்கள். எழுதும் பென்சில் கூடாது. அதன் கரித்தூள் ஒட்டி வெள்ளை நூல் அழுக்காகிவிடும். கார்பன் தாளும் அப்படித்தான்.

பென்சில்

பெட்டியில் வாட்டர்கலர் பென்சில் என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். தண்ணீர் பட்டதும் கரைவதற்காகவே செய்யப்பட்டது அது. மெழுகு அல்லது எண்ணெய் கலந்த சாதாரணக் கலர் பென்சில்தான் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சிலில் நிறச்சத்து குறைவு. ஓவியர்களுக்கான ரகத்தில் கருப்பு, அடர்பழுப்பு, செம்பழுப்பு, காவி, நீலச்சாம்பல், இளஞ்சிவப்பு என்று ஆறு பென்சில் தனித்தனியாக வாங்கினாலே பெரும்பாலான நாய்களை வரைந்துவிடலாம்.

துணியைக் கெட்டியான அட்டையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். நெசவின் மேடுபள்ளத்தில் ஒரே அழுத்தில் நிறம் இறங்காது. கூராகச் சீவிய பென்சிலால், அம்புக்குறி காட்டும் திசையிலேயே சிறு சிறு கோடுகளாக, லேசாக, மூன்று நான்கு அடுக்கு போடுங்கள். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். ரப்பர் போட்டு அழித்தால் துணியில் அழுக்காகத் தேயும். அதனால் அவசரப்படாதீர்கள். உதிரும் தூளைக் கையால் தேய்க்காமல் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள்.

வெள்ளை ராஜபாளையத்துக்கு வெள்ளைப் பென்சில் வேண்டாம். துணியின் வெண்மையை அப்படியே விட்டு, காதின் உள்பக்கம், தாடையின் கீழ், கண்ணோரம் ஆகிய நிழல்களை மட்டும் நீலச்சாம்பலால் தொட்டு, மூக்குக்கு இளஞ்சிவப்பு கொடுங்கள். முகம் தானாக எழுந்து வரும். வெளுத்த பாப்ளின் கேட்டது இதற்காகத்தான்.

காங்கேயம் பக்கத்துக்காரர்கள் மாட்டைத்தான் முதலில் வரைய விரும்புவார்கள். எந்த வயதை வரைகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. சில மாதங்களில் சாம்பலாகிவிடும். காளை வளர வளரத் தலையிலும் கழுத்திலும் திமிலிலும் கருமை ஏறும். அந்தச் சாம்பலைக் கருப்புப் பென்சிலை லேசாகத் தேய்த்து எடுத்தால் புகைபடிந்த மாதிரி செத்துக் கிடக்கும். நீலச்சாம்பல் ஓர் அடுக்கு, அதன்மேல் அடர்பழுப்பு ஓர் அடுக்கு, திமிலின் உச்சியில் மட்டும் கருப்பு என்று போடுங்கள். நேரில் பார்த்து நிறம் பிடிக்க வேண்டுமானால் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் காங்கேயம் மாட்டுத்தாவணிக்குப் போய்வாருங்கள்.

நிறம் நிற்க

துணி பெயிண்ட் விற்கும் கடையில் நிறமில்லாத ஃபேப்ரிக் மீடியம் கேட்டு வாங்குங்கள். பிரஷில் மிகக் குறைவாகத் தொட்டு, படத்தின்மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துப் பூசினால் கருப்பு வந்து மஞ்சளில் ஏறும். ஓர் இரவு காயவிட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, பின்பக்கமாக ஆவியில்லாமல் அயர்ன் செய்யுங்கள். இதையெல்லாம் முகத்தில் செய்வதற்கு முன் அதே துணியின் ஒரு துண்டில் எல்லாப் பென்சிலையும் கிறுக்கி, மீடியம் பூசி, அயர்ன் செய்து, துவைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஊசி

முகம் முழுவதும் உள்ளே அடங்கும் பெரிய ரிங்கை மாட்டுங்கள். ரிங்கின் விளிம்பு பென்சில் பட்ட இடத்தை அழுத்தினால் நிறம் தேய்ந்து வட்டம் விழும். வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் ரிங்கைக் கழற்றி வையுங்கள். ஆங்கர் போன்ற காட்டன் நூல் கண்டில் ஆறு இழை இருக்கும். முகத்துக்கு ஒரே ஓர் இழை, முழங்கை நீளத்துக்கு. நெய்த துணிக்கு 9 அல்லது 10ஆம் எண் எம்பிராய்டரி ஊசி. பனியன் துணிக்கு நுனி அதிகக் கூரில்லாத மெல்லிய ஊசி நல்லது. கூரான ஊசி கண்ணி நூலை அறுத்தால் ஓட்டை ஓடிக்கொண்டே போகும். நூலைச் சுண்டி இழுத்தாலும் துணி சுருங்கும். செக்கிங் டேபிளில் பக்கரிங் என்று தள்ளிவிடுவார்களே, அதேதான்.

எல்லா இடத்தையும் நூலால் நிரப்பாதீர்கள். நிரப்பினால் பென்சில் போட்டதே வீண். கண்ணோரம், புருவம், காது விளிம்பு, கன்னத்து முடி, மார்பின் ஓரம், இவ்வளவு போதும். முடிக்கு லாங் அண்ட் ஷார்ட் ஸ்டிச். ஓடு வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி மோட்டுக்கு ஏறுவதுபோல, மூக்குக்கு வெகு தொலைவில், கழுத்தோரத்தில் தொடங்கி மூக்கை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் வேரை மூடும். நீளத்தை ஒரே அளவாக வைக்காதீர்கள். சீராகத் தைத்துப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம்.

கண்ணுக்கு அடர்பழுப்பில் இமைக்கோடு, கருமணிக்குக் கருப்பில் சாட்டின் ஸ்டிச். எல்லாம் முடிந்தபின் வெள்ளை நூலில் ஒரே ஒரு சின்னத் தையல், போட்டோவில் வெளிச்சப் புள்ளி இருந்த அதே இடத்தில். இரண்டு கண்ணிலும் அது ஒரே பக்கம் விழ வேண்டும். இல்லாவிட்டால் நாய்க்கு மாறுகண் ஆகிவிடும். மூக்கில் கருப்பும் அடர்சாம்பலுமாகப் பொடித் தையல் தூவி, துளைகளைப் பென்சிலாகவே விடுங்கள். பூனை மீசை ஒவ்வொன்றும் ஒரே நீட்டுத் தையல். உடுத்தும் துணியில் அது எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பதால் சுவரில் மாட்டும் படத்துக்கு மட்டும். மாட்டின் கொம்பைத் தைக்க வேண்டாம், வழவழப்பு போய்விடும். மூக்கணாங்கயிற்றை மட்டும் மூன்று இழையில் ஸ்டெம் ஸ்டிச் போடுங்கள். முறுக்கிய கயிறு அப்படியே வரும்.

முடித்ததும் டர்க்கி டவலில் முகத்தைக் குப்புற வைத்துப் பின்பக்கம் லேசாக அயர்ன் செய்து, அட்டையில் இழுத்துக் கட்டிப் பிரேம் போடுங்கள். கண்ணாடி நூலைத் தொடாமல் சிறிது இடைவெளி வேண்டும். நேர் வெயில் படும் சுவர் கூடாது, நிறம் வெளுக்கும். டீ-ஷர்ட்டில் செய்திருந்தால் பின்பக்க முடிச்சுகள்மேல் மெல்லிய பனியன் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள், உடம்பில் உறுத்தாது.

ஆர்டர் எடுத்துச் செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீடியம் பூசி அயர்ன் செய்தாலும் கலர் பென்சில், சாயம் ஏற்றிய துணியின் அளவுக்கு உழைக்காது. தினமும் மெஷினில் போட்டுத் துவைக்கும் உடுப்புக்கு இது ஏற்றதல்ல. வாங்குபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊரிலிருந்து ஏற்றுமதியாகும் பனியனில் வாஷ்கேர் லேபிள் இருக்கிறது. உங்கள் படத்தின் பின்னாலும் ஒன்று தையுங்கள்: பச்சைத் தண்ணீரில் கையால் அலசவும், பிழிய வேண்டாம், நிழலில் உலர்த்தவும், பின்பக்கம் அயர்ன் செய்யவும்.