காயில் சுற்றும் தம்பிக்கு



"பி.எல்.டி.சி. ஃபேன் வந்ததிலிருந்து காயில் கட்டக் கூட்டம் குறைந்துவிட்டது அண்ணே, கரண்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று நம்ம பிழைப்பில் கைவைக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். நீ சொல்வதில் பாதி உண்மை. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம். பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில், எலக்ட்ரானிக் போர்டு வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட்டில் சுற்றுகிறது. கெட்டுப்போனால் பெரும்பாலும் போர்டுதான், அதற்குக் காயில் கட்டுகிறவன் வேண்டியதில்லை. டியூப் லைட் சோக்கும் ஸ்டார்டரும் விற்றே கடை நடத்தியவர்கள் இருந்தார்கள். 2015-ல் எல்.இ.டி. பல்பை மலிவாகக் கொடுக்கும் அரசின் உஜாலா திட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசு 310 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பல்பு, சில வருடங்களில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. சோக் வியாபாரம் படுத்துவிட்டது. அவர்களுக்கு யாரும் நஷ்டஈடு கொடுக்கவில்லை.

மறுபாதியையும் கேள். மின்வெட்டுக் காலத்தில் நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். 2012-ல் சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம், வெளி மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு. அப்போதும் யூனிட் செலவாகவில்லைதான். ஆனால் லேத் நின்றது, ஷிஃப்ட் போனது, கூலியும் போனது. அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, பட்டினி. அதே பீஸைக் குறைந்த யூனிட்டில் எடுத்தால்தான் சிக்கனம். அப்படி மிஞ்சும் பணம் மின்வாரியத்தின் நிலக்கரிக்கும் கடன் வட்டிக்கும் போகாமல் ஊருக்குள் கூலியாக, டீக்கடைப் பாக்கியாக, தையல் கூலியாகச் சுற்றும். முழுவதும் சுற்றும் என்றும் நம்பிவிடாதே. லைட்டில் மிச்சம் பிடித்த வீடு அடுத்த கோடையில் ஏசி வாங்கும். நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக, நிலக்கரிச் செலவு ஏறத்தான் செய்கிறது என்று 1865-லேயே ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதிவைத்துவிட்டார்.

அதனால் யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல். தமிழ்நாட்டில் 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்குகிற பாட்டி வீட்டில் போய், பில் குறையும் என்று சொல்லி விலை கூடிய ஃபேனை மாட்டிவிடாதே. அங்கே குறைய பில்லே இல்லை. 520 யூனிட் ஓடுகிற வீடு வேறு. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அந்த வீட்டில் ஓயாமல் சுற்றுகிற இரண்டு ஃபேனை மாற்றினாலே படி இறங்கிவிடும்.

உன் கைத்தொழிலுக்கு இன்னும் இடம் இருக்கிறது. சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. அங்கே ஓடுகிற மோட்டார்களை எரிந்த மறுநாளே மாற்ற எல்லா முதலாளியிடமும் பணம் இருக்காது. ரீவைண்டிங்குக்குத்தான் வரும். நம்மாட்கள் அங்கேதான் கெடுக்கிறார்கள். பழைய காயிலை உருவ அவசரப்பட்டு டார்ச்சைப் பிடிக்கிறார்கள். சூடு ஏறினால் ஸ்டேட்டரில் தகட்டுக்குத் தகடு இருக்கிற பூச்சு கருகிவிடும். மோட்டார் ஓடும், சுமை இல்லாமலே சூடாகும், வருடக்கணக்கில் பில்லில் தின்னும். இருந்ததைவிட மெல்லிய கம்பியைப் போட்டாலும் அதே கதி. முறையாகச் சுற்றினால் திறன் குறைவதில்லை என்று அமெரிக்க, இங்கிலாந்து பழுதுபார்ப்போர் சங்கங்கள் 2003-ல் சோதித்தே காட்டியிருக்கின்றன. வேலைக்கு முன்னும் பின்னும் லோடு இல்லாமல் ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் ஆம்ப்ஸ் பார்த்துப் பில்லிலேயே எழுதிக்கொடு. பக்கத்துக் கடைக்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

அடுத்தது கம்ப்ரசர். ஏர் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் ஊதித் தள்ளும். 20 மணி நேரம் ஓடினால் 60 யூனிட். பகலில் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை போ. எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லி கம்ப்ரசரை மட்டும் ஓடவிடு. எத்தனை நிமிடம் லோடில் ஓடுகிறது, எத்தனை நிமிடம் சும்மா இருக்கிறது என்று செல்போனில் குறி. 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் சும்மா என்றால் கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் கால்வாசி ஒழுகிப் போகிறது. பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். ஜாயின்ட், ஹோஸ் கிளாம்ப், டிரெயின் வால்வு, இந்த மூன்றிலும்தான் பெரும்பாலும் மாட்டும். முடிந்ததும் அழுத்தத்தைக் கேள். 6 பாரில் நடக்கிற வேலைக்கு 7 வைத்திருந்தால், அந்த ஒரு பாரைக் குறைத்தாலே நூற்றுக்கு ஆறேழு பங்கு மிச்சம்.

கூலியை முதலிலேயே பேசிவிடு. மிச்சத்தில் பங்கு என்று முதல் வேலைக்குப் பேசாதே. அந்த மாதம் ஆர்டர் குறைந்து பில் இறங்கினாலும் சண்டை, ஆர்டர் கூடி பில் ஏறினாலும் சண்டை. பின்னால் அப்படிப் பேசுகிற நிலை வந்தால், பில் தொகையை வைத்துப் பேசாதே, ஒரு பீஸுக்கு எத்தனை யூனிட் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிளாம்ப் மீட்டர் மட்டும் மலிவில் வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்