பெட்டியோடு கொண்டுபோன பயம்

வேதபாடம்: ஆதியாகமம் 12, 20, 23 அதிகாரங்கள்



வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டு, "மீதி நாட்களை ஊழியத்துக்குக் கொடுக்கிறோம்" என்று ஒப்புக்கொடுக்கிற தம்பதிகள் நம்முடைய சபைகளில் உண்டு. ஸ்தோத்திரம்! அவர்களில் சிலரைத் தேவன் அந்நிய தேசத்துக்கும் அழைக்கிறார். உடனே வீட்டில் கேள்வி எழும்புகிறது: "இந்த வயசிலயா? அந்த ஊர் பாஷை வருமா? சாப்பாடு ஒத்துக்குமா?"

ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவனுக்கு வயது 75. சாராய் பத்து வயது இளையவள், ஆகவே 65. கானானுக்குப் போய்ச் சேர்ந்து பலிபீடமும் கட்டினார்கள். அடுத்தது என்ன? பஞ்சம்! அழைத்த தேவன் காட்டின தேசத்திலேயே பஞ்சம். "அழைப்பு தப்போ?" என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் எகிப்துக்கு இறங்கினார்கள். அங்கே ஆபிராம் தன் உயிருக்குப் பயந்து, மனைவியைச் சகோதரி என்று சொல்ல வைத்தான். பார்வோன் அவளைத் தன் அரமனைக்குக் கொண்டுபோனான்.

இதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆனால் 20:13ஐக் கவனித்தீர்களா? "போகிற இடமெல்லாம் இப்படியே சொல்" என்று அவளோடு அவன் பேசிவைத்தது எகிப்தின் எல்லையில் அல்ல. தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்ட நாட்களிலேயே! விசுவாசத்தோடு புறப்பட்டான், மெய்தான். ஆனால் பயத்தையும் பெட்டியில் கட்டி எடுத்துப் போனான். ஏறக்குறைய 24 வருஷம் கழித்து, கேராரில் அபிமெலேக்கு ராஜாவுக்கு முன்பாகவும் அதே பெட்டி திறந்தது. இரண்டு முறையும் அவனைக் கடிந்துகொண்டது யார்? கர்த்தரை அறியாத ராஜா. எந்த ஜனத்துக்குச் சாட்சியாக இருக்கவேண்டுமோ, அந்த ஜனத்தின் வாயால் கடிந்துகொள்ளப்படுவது எவ்வளவு வெட்கம்!

அதற்கு விலை கொடுத்தது சாராள். அழைப்பின் சத்தத்தை அவளும் கேட்டதாக 12ஆம் அதிகாரம் சொல்லவில்லை. புருஷன் சொன்னான், புறப்பட்டாள். இன்றைக்கும் நம்ம வீடுகளில் அப்படித்தானே? "நீங்க போனா நானும் வாரேன்" என்று அம்மா சொல்லிவிடுவார்கள். பேரப்பிள்ளையின் முகம், சர்க்கரை மாத்திரை, முழங்கால் வலி எல்லாவற்றையும் உள்ளே அடக்கிக்கொள்வார்கள். போன இடத்தில் ஐயாவுக்குக் கூட்டம் இருக்கும், பிரசங்கம் இருக்கும். அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல், நான்கு சுவருக்குள்ளே பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். ஊழியர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். எகிப்தில் புருஷன் காக்கத் தவறினவளைக் கர்த்தரே காத்தார். பார்வோன் வீட்டை வாதித்தது அவள் நிமித்தமே (12:17).

பாஷையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1906இல் அசுசா தெரு எழுப்புதலில் அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார் என்ற ஊழியர், தமக்கு வங்காள பாஷை வரமாய்க் கொடுக்கப்பட்டது என்று நம்பி, மனைவி லில்லியனோடு கல்கத்தாவுக்கு வந்தார். அப்படிப் பேச முடியவில்லை. அதற்காக அபிஷேகம் பொய்யாகவில்லை; கல்கத்தாவில் எழுப்புதல் உண்டானது. 1907இல் ஹாங்காங் போனபோது மொழிபெயர்ப்பாளரை வைத்தே பிரசங்கித்தார். வாலிபத் தம்பதிக்கே அப்படியென்றால், அறுபது வயதில் "பாஷையை ஆவியானவர் பார்த்துக்கொள்வார்" என்று நோட்டுப் புத்தகம் வாங்காமல் போகலாமா? சின்னப்பிள்ளை உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கட்டும். கூடச் சேர்ந்து சிரியுங்கள். அம்மாவும் அந்தப் பாடத்தில் கூட உட்காரட்டும்.

சாராள் அந்நிய தேசத்திலே 62 வருஷம் ஜீவித்து, 127ஆம் வயதில் எப்ரோனில் மரித்தாள். அப்போதும் ஆபிரகாமுக்குச் சொந்தமாக அங்கே ஒரு அடி நிலமில்லை. தன்னைப் பரதேசி என்றே சொல்லி, ஏத்தின் புத்திரருக்கு முன்பாகக் குனிந்து வணங்கிக் கேட்டான். அவர்களோ அவனைப் பெரிய பிரபுவாக மதித்தார்கள். எப்பெரோன் சும்மா தருகிறேன் என்றும் வாங்காமல், 400 சேக்கல் வெள்ளியை எல்லாரும் பார்க்க நிறுத்துக் கொடுத்தான். இந்த முறை ஒளிக்கவில்லை. தன் மனைவிக்காக அழுது, அவளை அடக்கம்பண்ணினான்.

போக ஆயத்தப்படுகிற தம்பதிகள் இந்த வாரம் 20ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். வாசித்தபின் முதலில் அம்மா பேசட்டும்.