ஆர்ம் மின்னணுப் பலகையில் நிரல் ஏற்றுவது எப்படி?

மண்ணின் ஈரத்தை அறிந்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வல்ல கருவிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் உள்ளே இருந்து வேலை செய்வது சிறியதொரு மின்னணுப் பலகையே. அப்பலகையைத் தனியே வாங்கி, நீங்களே நிரல் ஏற்றிப் பழகலாம். வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடன் வைத்துக்கொள்ளவும். வேலை விரைவில் முடியும்.

பழகுவதற்கு ராஸ்பெர்ரி பை பிகோ என்னும் பலகை ஏற்றது. இது 2021 ஜனவரியில் வெளிவந்தது. நீளம் 51 மி.மீ., அகலம் 21 மி.மீ. ஓரங்களில் 40 இணைப்பு முனைகள் உள்ளன. நடுவிலுள்ள சில்லில் ஆர்ம் வகைச் செயலிகள் இரண்டு இருக்கின்றன. கைப்பேசியில் உள்ளதும் இக்குடும்பமே; இது அதன் கடைக்குட்டி.

முதலில் கணிப்பொறியில் தானி என்னும் இலவச மென்பொருளை நிறுவவும். (டி, எச், ஓ, இரண்டு என், ஒய் என எழுத்துக் கூட்டித் தேடவும்.) பிகோவுக்குரிய மைக்ரோபைத்தான் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளவும். பிகோ டபிள்யூ, பிகோ 2 ஆகியவற்றுக்குக் கோப்பு வேறு. எனவே பலகையின் பெயரைப் பார்த்து எடுக்க வேண்டும்.

பலகையின் மேல் வெள்ளைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்தபடியே யு.எஸ்.பி. கம்பியைக் கணிப்பொறியில் செருகி, பிறகு விரலை எடுக்கவும். பென்டிரைவ் போல ஒரு புதிய அடையாளம் திரையில் தோன்றும். தோன்றாவிடில் பலகையைக் குறை சொல்ல வேண்டாம். சில கைப்பேசிக் கம்பிகள் மின்னேற்றம் மட்டுமே செய்யும், செய்தியைக் கடத்தா. கம்பியை மாற்றிப் பார்க்கவும். மைக்ரோபைத்தான் கோப்பை அந்த அடையாளத்தில் போட்டதும் அது தானாக மறைந்துவிடும். இது பழுதன்று, பலகை தயாராகிவிட்டது என்று பொருள். இப்பொத்தானின் வேலை சில்லிலேயே அழியாதபடி பதிந்துள்ளதால், நிரல் தவறினாலும் பலகை வீணாகாது.

அடுத்து, தானியில் பலகையைத் தேர்ந்தெடுத்து ஆறு வரிகள் எழுத வேண்டும். முனைகளை ஆளும் கருவியை அழைப்பது முதல் வரி. நேரக் கருவியை அழைப்பது இரண்டாவது. பலகையிலுள்ள சிறு விளக்கிற்குப் பெயரிடுவது மூன்றாவது. நான்காவது, ஓயாமல் திரும்பச் செய் என்னும் கட்டளை. விளக்கை மாற்றுவதும் அரை விநாடி காத்திருப்பதும் கடைசி இரண்டு. இவ்விரு வரிகளும் நான்கு இடைவெளி உள்தள்ளி இருத்தல் அவசியம். இல்லையேல் நிரல் ஓடாது. ஓட்டும் பொத்தானை அழுத்தியதும் விளக்கு சிமிட்டும்.

பலர் இத்துடன் வேலை முடிந்ததென எண்ணி ஏமாறுகின்றனர். இப்போது ஓடும் நிரல் 264 கே.பி. தற்காலிக நினைவகத்தில் மட்டுமே உள்ளது. மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். 2 எம்.பி. நிலை நினைவகத்தில் அது தங்க வேண்டுமானால், 'மெயின்' என்னும் பெயரில், பைத்தானுக்குரிய 'பை' விகுதியுடன், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பலகையிலேயே சேமிக்க வேண்டும். கணிப்பொறியில் சேமித்தால் பயனில்லை. சேமித்த பின் கம்பியைக் கழற்றிக் கைப்பேசி மின்னேற்றியில் செருகிப் பாருங்கள். விளக்கு தானே சிமிட்டினால்தான் நிரல் ஏறியதாகக் கொள்ளலாம்.

ஈர உணரியைச் சேர்க்கும்போது அதற்கு 3.3 வோல்ட் மின்சாரமே கொடுக்கவும். உணரியிலிருந்து 5 வோல்ட் வந்தால் பலகையின் முனை கெடும். மோட்டாரை நேரே இணைக்கலாகாது. ரிலே, ஸ்டார்ட்டர் வேலைகளைத் தேர்ந்த மின்பணியாளரிடம் விடவும். சில ரிலேக்கள் எதிர்மாறாக இயங்குவதால் முதலில் சிறு பல்பை மாட்டிச் சோதிக்கவும்.

மின்சாரம் திரும்பும் வேளையில் கிணற்றினுள் ஆள் இறங்கி இருக்கக்கூடும். ஆகவே நிரலின் தொடக்கத்திலேயே ரிலேயை நிறுத்தி வைத்து, ஐந்து நிமிடமாவது காத்திருக்கும்படி எழுதவும். அதை மட்டும் நம்பியிராமல், மோட்டாரிலோ கிணற்றிலோ கைவைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி பியூசைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளவும்.